பந்தல் வேண்டாம் என்ற மூன்று வீடுகள்

பாப்பா,

நாளை மறுநாள் உனக்குக் கல்யாணம்! இந்த வரியை எழுதும்போதே பேனா ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உள்ளே உன் சித்தி மகள்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து மருதாணி வைத்துக்கொண்டு போடுகிற கூச்சல் குரும்பலூர் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். முப்பது வருடமாகப் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ஊரார் வீட்டு வாசலுக்கெல்லாம் பந்தல் போட்டவன் நான். இன்றைக்கு என் வாசலில் என் மகளுக்குப் போட்ட பந்தலுக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் “என்னண்ணே, கணக்கு எழுதுறீங்களா?” என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நேரில் சொல்ல வாய் வராது, அதனால்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளாதே. நீ நர்ஸாக இருக்கிற துணை சுகாதார நிலையத்தின் சுவரில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம். ஊரே படிக்கட்டும்.

முதலில் உன்னிடம் கோபித்துக்கொண்ட கதையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதுவரை நான் அதை எல்லோரிடமும் எனக்குச் சாதகமாகவே சொல்லி வந்திருக்கிறேன். போன மாதம் குறித்த முதல் முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. வாசலில் பந்தக்கால் நட்டாயிற்று. அன்று காலையில் மாப்பிள்ளை கீழப்பழுவூரிலிருந்து உனக்குப் போன் செய்தார். அவருடைய அக்கா மகள் யாழினிக்கு, அந்த நாலு வயதுக் குட்டிக்கு, அம்மை போட்டிருக்கிறது, வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நீ உடனே, “எத்தனை நாளா காய்ச்சல்? மூக்கு ஒழுகுதா? கண்ணு செவந்திருக்கா? தடிப்பு முகத்துல ஆரம்பிச்சுதா?” என்று அடுக்கினாய். பாவம் மாப்பிள்ளை, வரப்போகிற பெண்டாட்டிக்குத் தன் வீட்டுக் குழந்தைமேல் எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரியும், அது கிராம சுகாதார செவிலியர் கேட்கிற கேள்வி. உன் முகம் அப்போதே மாறிவிட்டது.

“அப்பா, இதை நான் ரிப்போர்ட் பண்ணணும்” என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மை வந்த வீடு என்று வெளியே தெரிந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். அதுவும் மருமகளாகப் போகிறவளே ஆள் அனுப்பினால் கல்யாணமே நிற்கும். இது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியுமே! “பத்து நாள் பொறு. முகூர்த்தம் முடியட்டும். அதுக்குள்ள தலைக்குத் தண்ணி ஊத்திடுவாங்க, எல்லாம் சரியாயிடும். நீ வாயத் தொறக்காதே” என்று கெஞ்சினேன். அப்புறம் மிரட்டினேன். நீ அசையவில்லை. “தட்டம்மையா இருந்தா மூச்சுல பரவும்ப்பா. அந்த வூட்டு ஜனம் அத்தனையும் மண்டபத்துக்கு வரும். கைக்கொழந்தைங்க எத்தனை வரும்? ஒம்பது மாசம் ஆகாத கொழந்தைக்கு ஊசியே கிடையாது. அதுங்களுக்கு யாருப்பா காவல்?” என்றாய். நாடு முழுக்க இப்படித்தான் என்றும் சொன்னாய். காய்ச்சலோடு தடிப்பு வந்த ஒவ்வொருவரையும் எழுத வேண்டும், ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும், ஒன்றுமே இல்லாத வாரத்தில் ‘இல்லை’ என்றாவது எழுதி அனுப்ப வேண்டும், எங்கே மறைக்கிறார்களோ அங்கேதான் அது வளர்கிறது என்றாய். அன்றைக்கு அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. நட்ட பந்தக்கால் மட்டும்தான் என் கண்ணில் தெரிந்தது.

நீ அரியலூர்ப் பக்கத்து டாக்டருக்குப் போன் போட்டதை நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விலாசம் சொன்னாய். அதோடு நிறுத்தாமல், “சார், போறவங்க செருப்ப வெளியிலயே விடச் சொல்லுங்க. வேப்பிலையில கை வைக்க வேணாம். கெளம்பும்போது ‘போயிட்டு வரோம்’னு சொல்ல வேணாம், அம்மை கண்ட வூட்டுல அப்படிச் சொல்ல மாட்டாங்க” என்றாய். அந்தக் கோபத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது பாப்பா. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் யார் எப்படிப் பணிவாகப் போனால் என்ன? குழந்தையின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்ததும் சம்பந்தியம்மா கொதித்துப் போனார்கள். சாயங்காலமே எனக்குப் போன் வந்தது. “ஆத்தா எறங்கியிருக்கிற ஒடம்புல ஊசி குத்த ஆள் அனுப்பியிருக்கு உங்க பொண்ணு. இன்னும் தாலிகூட ஏறல. இந்த முகூர்த்தம் வேணாங்க. வேற முகூர்த்தமும் வேணாம்னுதான் தோணுது” என்று வைத்துவிட்டார்கள். மறுநாள் நான் அந்தப் பந்தக்காலைப் பிடுங்கினேன். முப்பது வருடத்தில் எத்தனையோ வீட்டில் கால் நட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட நட்டதைப் பிடுங்கியதில்லை. உன்னைப் பார்த்து, “ஒனக்கு ஒன் ரிப்போர்ட் நோட்டுதான் பெருசு, போ” என்றேன். நாலு நாள் உன்னோடு பேசவில்லை. நீ சாப்பாடு போட்டால் சாப்பிடாமல் எழுந்து போனேன். அப்பன் செய்கிற வேலையா அது? உன் அம்மாதான், “ஏங்க, அவ என்ன திருடிட்டா வந்தா?” என்று கேட்டாள்.

இனிமேல்தான் விஷயமே! ஐந்தாம் நாள் காலையில் பூலாம்பாடியிலிருந்து ஒருவர் போன் செய்து, புதுமனை புகுவிழாவுக்குச் சொன்ன பந்தல் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. மத்தியானம் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து இன்னொருவர், நிச்சயதார்த்தப் பந்தல் வேண்டாம் என்றார். அவரும் காரணம் சொல்லவில்லை. மறுநாள் நம் குரும்பலூரிலேயே ஒரு வளைகாப்பு நின்றது. என் தொழிலில் இதற்கு அர்த்தம் தெரிந்துகொள்ள ஜோசியம் தேவையில்லை. சாவு விழுந்திருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள், சண்டை என்றால் விலாவாரியாகவே சொல்வார்கள். காரணம் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி “வேணாங்க” என்றால் அந்த வீட்டில் அம்மை. நான் இதை எப்போதும் மரியாதையாக மேலே கேட்காமல் விட்டுவிடுவேன். பேரை அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

அன்றைக்கு அடிக்கிறதற்காக ஆர்டர் நோட்டைத் திறந்தேன். யார் மூலமாக வந்த ஆர்டர் என்று பேருக்குப் பக்கத்தில் குறித்து வைப்பது என் வழக்கம், உனக்குத் தெரியும். மூன்று பேருக்கும் பக்கத்தில் ஒரே வார்த்தை எழுதியிருந்தது: ‘கீழப்பழுவூர் காதுகுத்து’. அந்தக் காதுகுத்துக்குப் பந்தல் போட்டவன் நான்தான். அங்கே பந்தலைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மூன்று பேரும் என் நம்பர் வாங்கிப் போனார்கள். யாழினியும் அந்த விசேஷத்துக்கு வந்திருந்தாள், சீரியல் பல்பைப் பிடித்து இழுத்ததற்கு நான்தான் அதட்டினேன். காது குத்திய பதினொரு மாதக் குழந்தை அன்று தும்மிக்கொண்டும் மூக்கொழுகிக்கொண்டும் இருந்தது. தாய்மாமன் மடியில் வீறிட்டு அழுதது. அழுததால்தான் உடம்பு சுடுகிறது என்று சொல்லி, கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் கொஞ்சினார்கள். அத்தனை பேரும் என் பந்தலுக்கு அடியில்.

நாலு நாள் ரோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தேன். நீ கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நோட்டைத்தான் நீட்டினேன். “மூணு வூடு. மூணும் ஒரே பந்தலு. அந்தக் காதுகுத்துக்கு வந்து ரெண்டு வாரம் ஆவுது” என்றேன். நீ துணியைக் கீழே போட்டுவிட்டு, “அப்பா! ரெண்டு வாரமா? கரெக்டா ரெண்டு வாரமா?” என்று கத்தினாயே, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் வெளியே வந்து பார்த்தார்கள். தொற்றி அவ்வளவு நாள் கழித்துத்தான் தடிப்பு வெளியே வரும் என்று எனக்கு என்ன தெரியும்? “ஊரு பேரெல்லாம் சொல்லுங்கப்பா, வேற யாரெல்லாம் வந்தாங்க, சாப்பாட்டுப் பந்தியில கைக்கொழந்தையோட யாரு ஒக்காந்திருந்தாங்க?” என்று நீ கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். பந்தல்காரனுக்குத் தெரியாத விருந்தாளி யார்? அரசாங்கம் தேடுகிற பட்டியல் பாதி என் மண்டைக்குள் இருந்திருக்கிறது! அன்று சாயங்காலத்துக்குள் நீ எத்தனை போன் பேசினாய் என்று நானே எண்ண முடியவில்லை.

மறுநாள் நீ போனில், அந்தக் காது குத்திய குழந்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொன்னாய். ஒன்பது மாதத்தில் போட வேண்டிய ஊசியைப் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “கொலசாமி கோயில்ல மொட்டையடிச்சுக் காது குத்தினதுக்கப்பறம் போட்டுக்கலாம்னு இருந்தோம், ஊசி போட்டுக் காய்ச்சல் வந்துட்டா தேதி தவறிடுமே” என்றார்களாம். யாழினிக்கும் அதே கதைதானாம். அவளுக்கு ஒன்பது மாதத்திலும் போடவில்லை, ஒன்றரை வயதிலும் போடவில்லை. நீ எரிச்சலோடு, “காது குத்துறதுக்கும் ஊசிக்கும் என்னப்பா சம்பந்தம்? இப்ப அந்தக் கொழந்தைக்குக் காதுலேர்ந்து சீழ் வருது. தட்டம்மையில இப்படி வரும். பாக்காம வுட்டா காதே கேக்காமப் போயிடும்” என்றாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ “அப்பா, அப்பா” என்றாய். கட்டாகவில்லை பாப்பா. நான்தான் நின்றுபோனேன்.

உன் இடது காது சரியாகக் கேட்காது. போனை எப்போதும் வலப் பக்கம்தான் வைப்பாய். சின்ன வயதிலிருந்து கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் ஒரு கதை சொல்லி வந்திருக்கிறேன், நீயும் அதையே நம்பி எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்கிறாய்: ‘எங்கப்பா கொழாய் ஸ்பீக்கருக்குக் கீழ தொட்டில் கட்டிட்டாரு.’ அது பொய். ஸ்பீக்கருக்குக் கீழே நான் ஒரு நாளும் தொட்டில் கட்டியதில்லை. உனக்கு ஒன்பது மாதம் ஆனபோது நர்சம்மா நம் வீட்டுக்கு மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும், “காதுகுத்து முடியட்டுங்க” என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். முகூர்த்த சீசன், கைநிறைய ஆர்டர், அதனால் காதுகுத்தையும் தள்ளிக்கொண்டே போனேன். பதினொன்றாம் மாதம் உனக்கு அம்மை போட்டது. உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். நாலாவது தடவை நர்சம்மா வந்தபோது உன்னைக் கேட்டார்கள். “கொழந்தை அம்மாயி ஊருக்குப் போயிருக்கு” என்றேன். நீ உள்ளே பாயில் படுத்திருந்தாய், காதிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. அவர்கள் நோட்டில் நம் தெருவுக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ‘இல்லை’ நான் சொல்லிக் கொடுத்தது.

ஸ்பீக்கர் கதையில் நான் தொழில் வெறியன், அவ்வளவுதான். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உண்மையான கதையில் நான் குழந்தையை மறைத்தவன். பெரிய குற்றத்தை மறைக்கச் சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். நீ நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போனபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எந்தப் பாடத்திலாவது இதைப் படித்துக் கண்டுபிடித்துவிடுவாயோ என்று பயந்தேன். நீ கண்டுபிடிக்கவில்லை, அப்பன் பேச்சைப் பாடத்தைவிட நம்பினாய். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு இந்த வீட்டிலிருந்து போ. திட்ட வேண்டும் என்றால் கல்யாணத்துக்கு முன்னாலேயே திட்டிவிடு.

சரி, அழுகை போதும், நல்ல சேதி எவ்வளவோ இருக்கிறது! ரத்தத்தைச் சோதித்து, தட்டம்மைதான் என்று முடிவு வந்தது. யாழினிக்கு நடுவில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்த சுகாதார ஆட்கள் உடனே அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். குட்டி தேறி வந்து இப்போது மறுபடியும் பல்பைப் பிடித்து இழுக்கிறாள். தடுப்பூசி முகாமுக்கு ஊர் ஊராக நம் பந்தல்தான். மைக்கை நானே பிடித்தேன். “ஊசி வுட்டுப்போன பிள்ளைங்கள அழைச்சுட்டு வாங்க! ஒரு தடவை போட்டதோட நின்னுட்டிங்களா, ரெண்டாவதையும் போட்டுட்டுப் போங்க! காதுகுத்துக்கு நாள் குறிச்சிருக்கிங்களா, அதுக்கு முன்னாடியே போட்டுட்டுக் குத்துங்க, ஒரு தப்பும் இல்ல!” என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். கல்யாண மண்டபத்தில் ‘இலை போட்டாச்சு’ என்று சொல்வதைவிட நூறு மடங்கு குஷியாக இருந்தது! வந்த அம்மாக்களின் வரிசை என் பந்தலைத் தாண்டி வெயிலில் நின்றது. இன்னும் இரண்டு தட்டி இழுத்துப் போட்டேன். அதற்கப்புறம் நீங்கள் நாள் எண்ணிக்கொண்டே இருந்தீர்கள், அந்த ஊர்களில் புதிதாக ஒரு குழந்தைக்குக்கூட அம்மை வரவில்லை.

சம்பந்தியம்மாவும் வந்தார்கள், தாம்பாளத்தோடு. நம் வீட்டுக்குள் நுழைந்து உட்காராமலேயே, “எனக்கு இன்னும் கோவந்தான்” என்றார்கள். “ஆனா ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க, ரெண்டு நாள் தள்ளியிருந்தா பேத்தி தக்கியிருக்காதுன்னு. அதனால மருமவ வேணும். இனிமே எதுன்னாலும் மொதல்ல எனக்குச் சொல்லிட்டு அப்பறம் கவுருமெண்டுக்குச் சொல்லணும்.” நீ சிரிக்காமல், “ஒரே நேரத்துல சொல்றேன் அத்தை, ஒரு கையில உங்க போனு, ஒரு கையில டாக்டர் போனு” என்றாய். அவர்கள் உன்னை முறைத்தார்கள், முறைத்துக்கொண்டே பூவையும் வைத்துவிட்டார்கள். அங்கே போன பிறகும் இப்படியே இரு. கொஞ்சம் விட்டுக்கொடு என்று மற்ற அப்பன்மார் எழுதுவார்கள், நானும் சமையல் விஷயத்தில், டிவி விஷயத்தில் விட்டுக்கொடு என்றுதான் சொல்வேன். குழந்தையின் உடம்பு விஷயத்தில் ஒரு வீட்டுக்கும் விட்டுக்கொடுக்காதே.

இவ்வளவில் கடிதத்தை முடித்து மடித்துவிட்டேன். இப்போது மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் பூலாம்பாடியிலிருந்து உன் தாய்மாமன் போன் செய்தான். குரலைத் தாழ்த்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. “மாமா, மூணு நாளா காய்ச்சல். இன்னைக்கு எனக்கே முத்து போட்டிருக்கு. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் வரலேன்னா மாலைய யாரு எடுத்துக் குடுக்குறது? மேலுக்கு ஒரு துண்டப் போத்திக்கிட்டு வந்து, மேடையேறி எறங்கிட்டுப் போயிடுறேன். அரை மணி நேரம் மாமா, அரை மணி நேரம்” என்றான். அழுதான் பாப்பா. நீ பிறந்த அன்றைக்கு வெளியில் நின்று அழுதவன் அவன். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் உனக்கும் காது குத்தினோம்.

நீ லீவில் இருக்கிறாய். அதனால் உன்னைக் கூப்பிடவில்லை. உன் டாக்டருக்கு நானே போன் போட்டேன். பெயர், வயது, தெரு, காய்ச்சல் தொடங்கிய நாள், தடிப்பு வந்த நாள் எல்லாம் சொன்னேன். செருப்பை வெளியே விடச் சொன்னேன். அப்புறம் அவனைக் கூப்பிட்டு, “வராதே” என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். நாளை மறுநாள் மேடையில் உன் கண் அவனைத் தேடும். அவன் இருக்க மாட்டான், வர வேண்டாம் என்று சொன்னது உன் அப்பன். உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது, தம்பி வருவான் என்று அவனுக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறாள். இதை உன் கையில் கொடுத்துவிட்டு நேராக அவளிடம்தான் போகிறேன்.

அப்பா